முப்பத்தோராவது அடாப்டர்

அலுவலகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கழுத்தில் அடையாள அட்டையோடு எப்போதும் ஒரு பென்டிரைவ் தொங்கும், அதனால் பென்டிரைவ்காரர். பதினாறு வருஷமாக அங்கே கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவர் அவர் ஒருவர்தான்.

போன வாரம் மேனேஜர் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். கேபிள் எல்லாம் போகிறது, இனி வைஃபை. முப்பத்தொரு மெஷினிலும் விரல் நுனி அளவு யுஎஸ்பி அடாப்டரைச் செருகி, அதை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் போட்டுக் கொடுக்க வேண்டும். அப்புறம் வெளியூர் கம்பெனி ஒன்று இருந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். கடைசி மெஷின் லைனுக்கு வரும் நாள்தான் இவருக்கும் கடைசி நாள். "நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார், ஏதோ வரம் கொடுக்கிற மாதிரி. பென்டிரைவ்காரர் தலையாட்டினார். கோபமோ அழுகையோ வரும் என்று பார்த்தார், ஒன்றும் வரவில்லை. மனைவியிடமும் வாய் திறக்கவில்லை.

முப்பது முடிந்தது. மிச்சம் குடோனில் ஒன்று. கேபிளை நேற்றே பிடுங்கியாயிற்று. சரக்குக் கணக்கு எழுதும் அக்கா எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். பென்டிரைவ்காரர் அடாப்டரைச் செருகி, பென்டிரைவில் இருந்த டிரைவரைப் போட்டார். திரையில் கோளாறைக் காட்டும் மஞ்சள் முக்கோணம் அசையவில்லை. கழற்றிப் பார்த்தால் பொடி எழுத்தில் 'வி2' என்றிருந்தது. ஒரே பெட்டி, ஒரே பெயர், உள்ளே சிப் மட்டும் வேறு. செய்கிறவர்கள் வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைந்துவிடுமோ தெரியவில்லை. சரியான டிரைவர் இன்டர்நெட்டில் கிடைக்கும்; இந்த மெஷினுக்கு இன்டர்நெட் வர அந்த டிரைவர் வேண்டும்.

அக்காவுக்கு விஷயம் தெரியும். குடோனில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

"தம்பி, இது வரலைன்னே சொல்லிடுங்க. வேற ஒண்ணு வாங்கிக் குடுக்க இவங்களுக்கு ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் நான் நோட்டுல எழுதிக்கிறேன்."

ஒரு மாதம். வேறு வேலை தேடலாம். மனைவியிடம் பக்குவமாகச் சொல்லலாம்.

ஆனால் கை அதற்குள் வேலையில் இறங்கிவிட்டது. சிப்பின் அடையாள எண்ணைத் தேடி எடுத்து, போனில் தட்டி, டிரைவரை இறக்கி, போனையே மெஷினோடு இணைத்து ஃபைலை மாற்றியது. பதினாறு வருஷத்தில் ஒரு மஞ்சள் முக்கோணத்தையும் அவர் விட்டுவைத்ததில்லை. வேண்டாம் என்று தடுக்க வேண்டிய மனசு மரத்துப்போய்க் கிடந்தது.

முக்கோணம் மறைந்தது. அடாப்டரில் நீல விளக்கு மினுக்கியது. அக்கா நோட்டை மூடி வைத்தார்.

பென்டிரைவ்காரர் கை மௌஸின் மேல்தான் இருந்தது, அசைக்கவில்லை. திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. வெளியூர் கம்பெனி ஆள் மெஷினுக்குள் வந்துவிட்டார். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்த பிறகு சின்னக் கட்டமொன்றில் எழுத்து விழுந்தது: "தேங்க்ஸ் சார். இனி நாங்க பாத்துக்கறோம்." அப்போதுதான் அவர் கையை எடுத்தார்.

வாசலுக்கு வந்தபோது மனைவி போன் செய்தாள். வீட்டில் நெட் வரவில்லையாம். அவசரமில்லை, வழக்கம்போல ஏழு மணிக்கு வந்து பார்த்தால் போதும் என்றாள்.

"இல்ல, இப்பவே வர்றேன்."



"என்னங்க ஆச்சு?"

ஒரு வாரமாக வராத அழுகை அப்போது வந்தது, குடோன் வாசலில், பட்டப்பகலில்.