திருப்பி எடுத்த அட்டை

நடுவர் பெயர்களைக் கூப்பிடுவதற்கு முன்பே ரேனாண்டே எழுந்துபோய்ச் சொல்லிவிட்டான்.

"இறுதி ஆட்டம் தேவையில்ல மேடம். ஜோவெலின் எனக்கு விட்டுக்கொடுத்துடுவா. ரெண்டு பேரும் ஒரே அணிதானே."

ஜோவெலின் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து சியோபாவ் என்ற கறி பன்னைத் தின்றுகொண்டிருந்தாள். கடித்த வாயோடு நிமிர்ந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய தோல்வியை அவளுக்காக அவனே அறிவித்துவிட்டு, சட்டையை உதறிக்கொண்டு திரும்பி வருகிறான்.

இலோய்லோ நகரில் ஹாரோ பக்கம் ஓர் இரும்புக் கடை மாடியில் இருக்கிறது அந்த அட்டை விளையாட்டுக் கடை. இன்றைக்கு ஜெயிக்கிறவருக்கு சிங்கப்பூர் போட்டியில் இடம். ஒரே ஓர் இடம். அணியில் மூத்தவன் எதிரே வந்தால் இளையவர்கள் விட்டுக்கொடுப்பது இந்தக் கூட்டத்தில் எழுதாத சட்டம். போன வருடம் பகோலோட் போட்டியில் அவள் விட்டுக்கொடுத்தாள். அதற்கு முன் ரோஹாஸிலும். இரண்டு தடவையும் அவன் முதுகில் தட்டி, ஒரு கிண்ணம் பாட்சோய் வாங்கித் தந்தான். ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்கு ஓர் இறுதி ஆட்டம். 

"நான் விட்டுக்கொடுக்கல, மனோங்."

வயதில் மூத்தவன் என்பதால் எல்லோரும் அவனை மனோங் என்றுதான் கூப்பிட்டார்கள்; இளைய பெண்களை அவன் இந்தாய் என்பான். கோபத்திலும் அந்த மரியாதை வாயிலிருந்து போகவில்லை. அதிலும் அவளுக்கு எரிச்சல்.

"என்ன இந்தாய், பசி மயக்கமா?"

"பசி இல்ல. கோபம்."

பக்கத்தில் நின்ற அணிக்காரன் டிண்டோ சிரித்தான். "சிங்கப்பூர் போய் என்ன பண்ணப்போற? கிமாராஸ் தீவுப் படகுக்கு டிக்கெட் கிழிக்கிறவ நீ. அந்தப் படகுல ஏறினாலே வாந்தி எடுப்பே."

"வாந்தி எடுத்துக்கிட்டே ஜெயிக்கிறேன். உனக்கென்ன?"

ரேனாண்டே குரலைத் தாழ்த்தினான். "சதுப்புப் படையை வச்சுக்கிட்டு என் கோட்டையை உடைக்கலாம்னு பாக்கிறியா? நாலு மாசத்துல எத்தனை தடவை என்கிட்ட தோத்திருக்கே?"

"எப்படித் தோத்தேன்னு எனக்குத்தான் தெரியும்."

உண்மையில் அது அவனுக்கும் தெரியும். நாலு மாதமாகச் சனிக்கிழமைதோறும், படகுத்துறை வேலை முடிந்ததும், அவனுக்குப் பயிற்சி கொடுக்க இந்த மாடிக்கு ஏறி வந்தவள் அவள். அவன் கோட்டைப் படை, அவள் சதுப்புப் படை. சுற்றுக்கு ஒரு மதில் அட்டையாக ஐந்து மதில் கட்டி, ஆறாவது சுற்றில் அதன்மேல் தளபதியை நிறுத்தி, அந்தச் சுற்று முடியும்வரை காப்பாற்றினால் கோட்டைக்கு வெற்றி. அதற்குள் சதுப்பு பாய்ந்து பாய்ந்து அடித்து மதிலை உடைக்க வேண்டும்; தளபதி விழுந்தால் சதுப்புக்கு வெற்றி. ஊரெல்லாம் இப்படித்தான் ஆடினார்கள். ரேனாண்டேயின் நோட்டிலும் பக்கம் பக்கமாக அதுதான் இருந்தது.

இரண்டாவது மாதம் அவள் வேறொன்றைக் கண்டுபிடித்தாள். சதுப்பு அடிக்க வேண்டியதே இல்லை. தன் அட்டையைத் தானே சேற்றில் புதைத்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. கைக்கு உதவாத அட்டையைக் கழிக்க மட்டும் எல்லோரும் அதைப் பயன்படுத்துவார்கள். 'வெள்ளம்' என்று ஓர் அட்டை உண்டு. சேற்றில் எத்தனை அட்டை புதைந்திருக்கிறதோ, எதிரியின் அத்தனை மதிலை அது அடித்துக்கொண்டு போகும். சுற்றுக்கு ஒன்றாகப் புதைத்துக்கொண்டே வந்து, தளபதி ஏறி நின்றதும் திறந்துவிட்டால்?

அன்றைக்கு அவள் முதல் அட்டையைப் புதைத்ததுமே ரேனாண்டே அதைத் தோண்டி எடுத்து அவள் பக்கம் தள்ளினான். "யாரும் இப்படி ஆட மாட்டாங்க. திருப்பி எடு. சதுப்பு எப்படி ஆடும்னு எழுதி வச்சிருக்கேன்ல, அப்படி ஆடு." அடுத்த வாரமும் முயன்றாள். திருப்பி எடு. அதற்கடுத்த வாரமும் அதே பாட்டு. அவன் ஜெயிப்பதற்கு அவள் எப்படி ஆட வேண்டுமோ அப்படி ஆடவைத்து, அவளை ஜெயித்து, அதை நோட்டில் எழுதிக்கொண்டான். அவளும் தலையாட்டிப் பொம்மை மாதிரி திருப்பி எடுத்தாள். அவன்மேல் வந்த கோபத்தில் பாதி அவள்மேலேயே வந்தது.

நடுவர் இருவரையும் உட்காரச் சொன்னார். "ஆடப்போறீங்களா, இல்லையா?"

"ஆடறோம் மேடம்," என்றாள் ஜோவெலின்.

முதல் சுற்றில் ரேனாண்டே ஒரு மதிலை வைத்தான். அவள் ஓர் அட்டையைப் புதைத்தாள். அவன் புருவத்தை உயர்த்தினான். இரண்டாவது மதில். அவள் இன்னொன்றைப் புதைத்தாள். மூன்றாவது சுற்றிலும் அவள் அடிக்காமல் புதைத்தபோது அவன் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"இப்பதான் புரியுது. எல்லார் முன்னாடியும் விட்டுக்கொடுக்க வெட்கம், அதான் இப்படியா? நல்ல புள்ள நீ. ராத்திரி பாட்சோய் ரெண்டு கிண்ணம்."

 அவள் நான்காவது அட்டையைப் புதைத்தாள். கையில் இருந்த எல்லா நல்ல அட்டையும் போய்க்கொண்டிருந்தது. கணக்கு ஒன்று தவறினால் சிங்கப்பூரும் போகும், வாழ்நாள் முழுக்க டிண்டோவின் சிரிப்பும் மிஞ்சும். ஐந்தாவதையும் புதைத்தாள்.

ஆறாவது சுற்று. ஐந்து மதிலின் மேல் ரேனாண்டே தளபதியைச் சொடுக்கி வைத்தான். கையில் மிச்சம் ஏதும் வைத்துக்கொள்ளவில்லை. எதற்கு வைக்க வேண்டும், அவள் செத்த பாம்பு. டிண்டோவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, முடிவுச் சீட்டில் கையெழுத்துப் போட நடுவரிடம் பேனாவைக் கேட்டான்.

ஜோவெலின் வெள்ளத்தைக் கீழே வைத்தாள்.

அவன் கை தன்பாட்டுக்கு நீண்டு, அந்த அட்டையை அவள் பக்கம் தள்ளியது.

"திருப்பி எடு, இந்தாய். யாரும் இப்படி..."

பாதியில் நின்றான். அவன் கண் சேற்றுக்குப் போயிற்று, மதிலுக்குப் போயிற்று. ஐந்து. ஐந்து. நிற்க மதில் இல்லாத தளபதி விதிப்படி விழுந்தாக வேண்டும்.

"கையை எடுங்க," என்றார் நடுவர். "இது போட்டி."

கை அட்டையின் மேலேயே இருந்தது. எடுக்க வேண்டும் என்பதே அவனுக்கு உறைக்கவில்லை போலும். ஜோவெலின் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அட்டையை விடுவித்தாள். இழுத்துக்கொண்டு போய் முன்பு வைத்த இடத்திலேயே வைத்தாள்.

"இத்தனை நாளா நீங்க சொன்னப்பல்லாம் திருப்பி எடுத்தேன், மனோங். இது இங்கயே இருக்கட்டும்."

பிறகு அவனுடைய மதில்களை அவளே ஒவ்வொன்றாக எடுத்து அவன் முன்னால் அடுக்கினாள். ஐந்தாவதை வைக்கும்போதும் அவளுக்குக் கோபம் தணியவில்லை.