வழிதின்னி

காலை ஒன்பதே கால் மணிக்கு ரெஜிலாவின் போனில் வந்த செய்தி இரண்டே வரி. அவளுடைய நிலத்தின் அளவைப் பற்றி அவளுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை என்று பதிவாகியிருக்கிறதாம். படித்த மாத்திரத்தில் உச்சந்தலை கொதித்தது. ஆட்சேபம் இல்லையாம்! மூன்று வாரத்துக்கு முன்னால் கால் கடுக்க வரிசையில் நின்று, ஒன்றரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாளே, அது பின்னே என்ன, கல்யாணப் பத்திரிகையா?

விஷயம் இதுதான். புது சர்வேயில் ஊர் நிலத்தையெல்லாம் அளந்து முடித்து, வரைபடத்தைப் பார்வைக்கு வைத்து, பிழை இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டிருந்தார்கள். ரெஜிலாவின் வீடு சதாசிவனின் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து ரோட்டுக்கு வர நாலடி அகலத்தில் ஒரே ஒரு வழி. அவள் புருஷன் எபினுக்கு இரண்டு காலும் விளங்காது. மூன்று சக்கர ஸ்கூட்டரில் போய் லாட்டரிச் சீட்டு விற்கிறான். அந்த ஸ்கூட்டர் அந்த வழியில் போனால் இரண்டு பக்கமும் ஒரு சாண் மிஞ்சாது. வரைபடத்தில் அந்த வழியையே காணவில்லை. சதாசிவனின் நிலம் நாலடி வீங்கி இவள் வாசல்படி வரைக்கும் வந்து நின்றது. இன்று மாலை ஐந்து மணியோடு திருத்தம் முடிகிறது. அதற்கப்புறம் படத்தில் இருப்பதுதான் நிலம். நாளைக்கு ஒரு சுவர் எழும்பினால் எபினை முதுகில் சுமந்துதான் ரோட்டுக்கு வர வேண்டும்.

படத்தைக் கண்ட அன்றே அவள் சதாசிவனைச் சும்மா விடவில்லை. அறுபது தாண்டிய மனுஷன், முக்கில் ரேஷன் கடை வரிசையில் பையோடு நின்றிருந்தார். ரெஜிலா தன் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை, அதன் மேலிருந்தே ஆரம்பித்துவிட்டாள்.

"நாலடி மண்ணைத் தின்னு வயிறு நெறஞ்சாச்சா ஓய்? நொண்டிக்க வழியைத் தின்ன உமக்குச் செமிக்குமா? வழிதின்னி!"

"பிள்ளே, நான் சொல்லுதத ஒரு நிமிஷம்..."

"பேசாதீரும்! ஒரு வார்த்த பேசப்பிடாது!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சதாசிவன் வெறும் பையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பதில் இருக்கிறவன் எதற்குப் போகிறான் என்று அவள் நினைத்தாள். அன்றிலிருந்து ஊரில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூடச் சொல்லிவிட்டு ஓடின. ரெஜிலாவுக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது, அதை மறைப்பானேன்.

இப்போது செய்தியைக் காட்டியதும் எபின் பேந்தப் பேந்த விழித்தான். "சண்டைக்கு நிக்காத, கேட்டியா. மெள்ளக் கேளு."

"மெள்ளயா? அந்த வழிதின்னி உள்ள போயி ஆளைப் பிடிச்சிருக்காரு. இண்ணு ஒண்ணில்லைனா அவனுவ, ஒண்ணில்லைனா நான்."

மண்டபத்துக்குள் கூட்டம் குறைவாக இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் தன்யா, ஒப்பந்த வேலைக்கு வந்த பெண், கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் முகாம் அதிகாரி வேதமாணிக்கம் சாயா குடித்துக்கொண்டிருந்தார். ரெஜிலா போனை மேஜை மேல் வைத்த வேகத்தில் கிளாஸ் குலுங்கியது.

"இது ஆருக்க வேலையாக்கும்?"

தன்யா நம்பரைப் போட்டுப் பார்த்தாள். "ஆட்சேபம் இல்லைனுதான் காட்டுது அக்கா."

"ஒன் கையிலதான பேப்பரைத் தந்தேன்? நீ தான வாசிச்சு அடிச்ச?"

"அடிச்சேன் அக்கா. நீங்க சொன்னது ஒக்க இதுல உண்டு. பாருங்க." அவள் மானிட்டரைத் திருப்பினாள்.

வேதமாணிக்கம் சாயாவைக் கீழே வைத்தார். "இஞ்ச சத்தம் போடப்பிடாது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? நீங்க என்னத்தையாவது மாத்தி எழுதியிருப்பிய."

ரெஜிலாவின் நாக்கு நுனிக்கு ஒரு நல்ல பதில் வந்தது. ஆனால் அதற்குள் கண் திரையில் விழுந்துவிட்டது. பாறசாலை ஜங்ஷனில் பதினாறு வருஷமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள் அவள். இருபத்து நாலு அங்குலப் புது மானிட்டர். அதில் எழுத்தெல்லாம் பக்கவாட்டில் இழுத்து வைத்தாற்போல ஊதிப் பெருத்துக் கிடந்தது. அவள் எழுதிக் கொடுத்த காரணம் பெட்டிக்குள் முழுசாக இருந்தது. பெட்டிக்குக் கீழே ஒரு கோடு, ஒரு எழுத்தின் தலை மட்டும். அதோடு திரை முடிந்துவிட்டது, பக்கத்தைக் கீழே உருட்டுகிற பட்டையும் இல்லை.

"இதுக்குக் கீழ என்ன உண்டு?"

"கீழ ஒண்ணும் இல்ல அக்கா. என்டர் தட்டுனா சேமிச்சாச்சுன்னு வரும்."

"எழுத்து ஏன் இப்பிடித் தடிச்சிருக்கு?"

"புதிய மானிட்டராக்கும்," என்றார் வேதமாணிக்கம் பெருமையாக. "நல்ல பெரிய எழுத்து. கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம்."

ரெஜிலா மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். சர்க்கார் மெஷினைத் தொடக்கூடாது, போலீசைக் கூப்பிடுவேன் என்று அவர் எழுந்தார். "கூப்பிடுங்க சாரே, அவனுக்கும் காட்டுவோம்," என்று சொல்லிவிட்டு மவுஸைப் பிடுங்கினாள். ரெசல்யூஷன் ஆயிரத்து இருபத்து நாலுக்கு எழுநூற்று அறுபத்தெட்டு. அதற்கு மேல் போக வழியே காட்டவில்லை. கிராபிக்ஸ் டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் விண்டோஸோடு வருகிற பொது டிரைவர் உட்கார்ந்திருந்தது.

"இதுல விண்டோஸை மாத்தினது ஆரு?"

"முகாம் தொடங்குததுக்கு முந்தி ஒரு ஆளு வந்து மாத்திப் போட்டாரு அக்கா. வைரஸ் வந்திச்சுன்னு."

"மாத்தினவன் டிரைவரை ஆருக்கத் தலையில போட்டான்? மூதேவி!"

பென் டிரைவ் எப்போதும் அவள் பையில் இருக்கும். பாஸ்வேர்டைத் தேட வேண்டிய அவசியமில்லை, மானிட்டரின் நெற்றியிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். டிரைவரைப் போட்டு மெஷினை அணைத்துத் திறந்தாள். திரை ஒரு தடவை கண் சிமிட்டியது. மறுபடியும் அதே ஊதின எழுத்து, அதே எழுநூற்று அறுபத்தெட்டு.

"கண்டீங்களா?" வேதமாணிக்கத்துக்கு முகம் மலர்ந்தது. "ஒரு சுக்கும் ஆகல்ல. சும்மா ஆளை மிரட்டுதிய."

ரெஜிலா அவர் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து மானிட்டருக்குப் பின்னால் கையை விட்டு, நீலத் தலை வைத்த பழைய வி.ஜி.ஏ. கேபிளை உருவினாள். தலைக்குள் ஊசிகளை வெளிச்சத்தில் பார்த்தாள். கடைசி வரிசையில் ஒரு ஊசி முறிந்து, அடிக்கட்டை மட்டும் நின்றது. புது மானிட்டர் வாங்கினவர்கள் அதோடு வந்த கேபிளைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் பழசைச் செருகியிருக்கிறார்கள். உள்ளே போகாததால் அடித்துத் திணித்திருக்கிறார்கள்.

"பாரு மக்கா. நான் இன்ன மானிட்டர், இம்புட்டுப் பெரிய படம் காட்டுவேன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லுதது இந்த ஊசியாக்கும். இது போச்சுன்னா எதிர்க்க இருக்கது ஆருன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பயந்துபோயி எல்லாத்துலயும் ஓடுத சின்னப் படத்தை அனுப்பும். அதத்தான் நீங்க பெரிய எழுத்துன்னு கொண்டாடிட்டு இருந்திய."

தன் பையிலிருந்து ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிளை எடுத்து மாட்டினாள். திரை ஒரு நொடி இருண்டு, விரிந்தது. எழுத்துகள் இளைத்து ஒழுங்காயின. அந்தப் பக்கம் முதன்முறையாக அடி வரைக்கும் தெரிந்தது. காரணப் பெட்டிக்குக் கீழே இரண்டு வட்டங்கள். ஒன்று, ஆட்சேபம் உண்டு. இன்னொன்று, ஆட்சேபம் இல்லை. இரண்டாவது வட்டத்தில் யாரும் வைக்காமலே ஒரு கறுப்புப் புள்ளி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

தன்யா வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மோ, இப்பிடி ஒண்ணு உண்டுன்னே எனக்குத் தெரியாது அக்கா. இத்தன நாளும் நான் என்டர் தட்டினது..."

"அம்புட்டும் இல்லைன்னு போயிருக்கு. எத்தன பேப்பர்?"

"நூத்தி நாப்பத்தி மூணு."

வேதமாணிக்கம் மெல்ல நாற்காலியை இழுத்துப் போட்டு ரெஜிலாவை உட்காரச் சொன்னார். குரல் இப்போது வெல்லப்பாகு. அவளுடையதை இந்த நிமிஷமே திருத்திக் கொடுக்கலாம். மற்றதை வெளியில் சொல்ல வேண்டாம். இத்தனை பதிவையும் ஒரே நாளில் மாற்றினால் மேலே கேள்வி வரும், பாவம் இந்தப் பெண்ணின் வேலைதான் முதலில் போகும்.

"ஒங்களுக்கு ஒங்க வழி கிட்டுனாப் போதும்லா?" என்றார்.

ரெஜிலாவுக்கு வந்த கோபத்துக்கு அந்த மண்டபம் பற்றாது. "போதுமா? அந்தப் பேப்பர் கட்டுல எத்தன பேருக்க வழி கெடக்கு, கெணறு கெடக்கு, செத்தவங்களப் பொதைச்ச குழிமாடம் கெடக்கு! கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு சொன்னீருல்லா ஓய்? இவளுக்க வேலை போனா நான் போயி மேல சொல்லுவேன், கேபிளை மாட்டினது இவ இல்ல, பெரிய எழுத்துன்னு குளுந்து போயி இருந்தது நீருதான்னு. இப்பம் மணி பதினொண்ணரை. அஞ்சு வரைக்கும் நேரம் உண்டு. கட்டை எடும். நீரு வாசியும், இவ திருத்தட்டும், நான் புள்ளியைப் பாக்கேன்."

"நான் ஒரு ஆபீசராக்கும்..."

"வாசியும்!"

வாசித்தார். சாப்பாட்டுக்கு யாரும் எழவில்லை. பெருங்கடவிளைக்காரி ஒருத்தியின் பலா மரம் பக்கத்து நிலத்துக்குப் போயிருந்தது, பூவார் பக்கத்து அண்ணன் தம்பி இருவரின் வீடு ஒரே பேரில் விழுந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் தன்யா புள்ளியை மேலே மாற்ற, ரெஜிலா சரி என்று சொல்ல, அடுத்தது. நாலு மணி வாக்கில் அவளுடையதும் வந்து போனது. அப்போதுதான் அவள் மூச்சை விட்டாள்.

நாலரை மணிக்குக் கட்டு அடிக்கு வந்துவிட்டது. கடைசியில் கிடந்தவை முகாமின் முதல் நாளில் வந்த காகிதங்கள். வேதமாணிக்கம் தொண்டை வறண்டு, உணர்ச்சியே இல்லாத குரலில் வாசித்தார்.

"பேரு, சதாசிவன்."

"அதை எடுத்து அங்கிட்டு போடும்!" என்றாள் ரெஜிலா. பிறகு தன் வாயாலேயே, "இல்ல, வாசியும். என்னத்தைக் கேட்டிருக்காருன்னு பாப்பம்."

"என் நிலத்தின் வடக்கு ஓரத்தில் நாலடி அகலத்தைப் படத்தில் என் பேரில் கூட்டி வைத்திருக்கிறீர்கள். அது என்னுடையது அல்ல. பின்வீட்டு எபினின் வண்டி போகும் வழி. என் அப்பா காலத்திலிருந்து அது வழிதான். எனக்கு அது வேண்டாம். அதை வழியாகவே வரைந்து தர வேண்டுகிறேன்."

காகிதத்தின் தேதியை ரெஜிலா வாங்கிப் பார்த்தாள். அவள் எழுதிக் கொடுத்ததற்கு இரண்டு நாள் முந்தின தேதி. ரேஷன் கடை முக்கில் அவள் கத்தினது இந்தத் தேதிக்குப் பிறகுதான். அவர் அன்றைக்கு வாயைத் திறந்தது இதைச் சொல்லத்தான்.

"ஆட்சேபம் உண்டுன்னு வைக்கட்டா அக்கா?" என்று தன்யா கேட்டாள்.

"வை." அவளுக்குக் காது வரைக்கும் எரிந்தது. வெட்கமா, கோபமா என்று கேட்டால் கோபம்தான். அந்த ஊசி முறிந்த கேபிளின் மேலும் இல்லை, வேதமாணிக்கத்தின் மேலும் இல்லை. தன் நாக்கை அப்படியே பிடித்து இழுத்து அறுத்துப் போடலாம் போலிருந்தது.

ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடைசிக் காகிதமும் முடிந்தது. முறிந்த கேபிளைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அவள் கிளம்பினாள்.

வழியின் முகப்பில் சதாசிவன் தன் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார், கையில் பை. அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினார். ரெஜிலா வண்டியைக் குறுக்கே நிறுத்தினாள்.

"எழுதிக் குடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா? வீட்டுல வந்து சொல்லியிருக்கலாம், எபின்கிட்டச் சொல்லியிருக்கலாம். வாய் இல்லியா ஒமக்கு?" அப்போதும் அவளுக்குத் திட்டத்தான் வந்தது.

"நீ சொல்ல விட்டியா பிள்ளே?"

ரெஜிலாவின் கண் அவர் கையிலிருந்த பைக்குப் போனது. "எங்க போறீரு, பையும் கையுமா?" என்றாள்.

"அரி வாங்க. குளத்தூர் ரேஷன் கடைக்கு."

"முக்குல கடை இருக்கும்போ குளத்தூருக்கு எதுக்கு நடக்கணும்?"

சதாசிவன் பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். "இங்க கூப்பிடுத பேரு அங்க ஆருக்கும் தெரியாது," என்றார்.

ரெஜிலா பையை அவர் கையிலிருந்து பிடுங்கி வண்டியில் மாட்டினாள்.

"ஏறும் அண்ணே. முக்குக் கடை ஏழு மணி வரைக்கும் உண்டு. இப்பம் வரிசையில நெறைய ஆளு நிப்பாவ. அண்ணு எம்புட்டுச் சத்தம் போட்டேனோ, அம்புட்டும் போடணும்."