பெயர் கழுவிய இசைத்தட்டு

தம்பியின் பழைய போட்டிக்காரன் சாகோவுக்கு ஃபோன் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று தெரிந்த பிறகும் நான் பாத்திரம் துலக்கினேன், அடுப்பைத் துடைத்தேன், மடித்து வைத்திருந்த துண்டுகளைப் பிரித்து மறுபடி மடித்தேன். தம்பி ஓடெல் போய்விட்டான். மறுநாள் அடக்கம். கூடத்தில் அவனுடைய இசைத்தட்டுகள் பால் புட்டி அடுக்கும் கிரேட்டுப் பெட்டிகளில் சுவரோரமாக வரிசை கட்டி நின்றன. அத்தனையும் கறுப்பு, அத்தனையும் நடுவில் மொட்டை. ஒன்றிலும் பெயர் இல்லை.

"அடக்கம் முடிஞ்சு எல்லாரும் சாப்பிடறப்போ என் ரெக்கார்டைப் போடணும்க்கா" என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தான். "பாதிரியார் மூஞ்சியைச் சுளிச்சா சுளிக்கட்டும். வேற எதையாவது போட்டுத் தொலைச்சே, பெட்டியிலேருந்து எழுந்து வந்துருவேன், ஆமா." எந்த ரெக்கார்டு என்று கேட்கத் தேவையில்லை. எங்கள் தெற்கு பிராங்ஸ் பேட்டையில் அந்த நாளில் வாலிபமாக இருந்த யாருக்கும் அது தெரியும். பெயர்தான் தெரியாது. "சரிடா, பேரைச் சொல்லு, தேடி எடுத்து வைக்கிறேன்" என்றேன். மூக்கில் குழாயோடு சிரித்தான். "சாகோ அனுப்பினானா உன்னை?" என்றான். மறுநாள் அவனுக்குப் பேச்சு நின்றுவிட்டது. நான் வாக்குக் கொடுத்தது கொடுத்ததாகவே இருந்தது.

எல்லாம் அவன் செய்துகொண்ட வினை. ஆட்டம் நடக்கிற ராத்திரிகளில் பள்ளிக்கூட மைதானத்தில் விளக்குக் கம்பத்தைத் திறந்து கரண்ட் இழுத்து ஸ்பீக்கர் வைப்பார்கள். ஓடெல் தட்டைச் சுழல விட்டதும் மற்ற டீஜேக்கள் தண்ணீர் கேட்பது போலவும் சிகரெட் கேட்பது போலவும் மேசைக்கு வந்து, கழுத்தை நீட்டி, தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் பெயர் லேபிளைப் படித்துவிடுவார்கள். அடுத்த வாரம் அதே பாட்டு இரண்டு தெரு தள்ளி ஒலிக்கும். அதனால் சனிக்கிழமை மத்தியானங்களில் குளியல்தொட்டி நிறைய வெந்நீர் விட்டு, தட்டுகளை ஊறப்போட்டு, லேபிளைக் கட்டைவிரலால் தேய்த்து உரித்துவிடுவான். எங்கள் வட்டாரத்தில் பலரும் ஒன்றிரண்டு தட்டுகளுக்கு இதைச் செய்ததுண்டு. இவன் ஒன்றைக்கூட விடவில்லை. "மனுஷங்க குளிக்கறதா வேணாமா? உன் தட்டுங்களுக்கெல்லாம் ஞானஸ்நானம் முடிஞ்சாச்சா?" என்று அம்மா கதவைத் தட்டுவாள். அவனுக்குக் கையில் எடுத்தாலே எது எது என்று தெரியும். மற்றவர்களைப் பற்றி அவன் யோசிக்கவே இல்லை.

அவன் போட்டது முழுப் பாட்டாக இருந்தாலாவது கண்டுபிடித்துவிடலாம். பாட்டின் நடுவில் பாடுகிறவனும் ஊதுகிறவர்களும் ஒதுங்கிக்கொண்டு தாளம் மட்டும் தனியாக நிற்கிற சில நொடிகள் வரும், அதுதான் பிரேக். ஒரே தட்டை இரண்டாக வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்றில் பிரேக் முடிவதற்குள் மற்றதில் ஆரம்பித்து, அந்தச் சில நொடிகளை அவன் நீட்டிக்கொண்டே போவான். இந்த ரெக்கார்டில் கொங்கா மேளம், ஒரு மணி, பிறகு தூரத்தில் யாரோ ஒருத்தன் சிரிப்பது கேட்கும். அந்தச் சிரிப்பு வந்ததும் பையன்கள் அட்டை விரித்துத் தரையில் விழுந்து சுழல்வார்கள். அந்தப் பாட்டு எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டு நாளாக ஊசியை வைத்து வைத்து எடுத்ததில் ஒரு கிரேட்டைக்கூட முடிக்க முடியவில்லை, முதுகுதான் போயிற்று.

சாகோ அடுத்த தெருவின் டீஜே. போர்ட்டோ ரிக்கோக்காரன், அழகன், அது அவனுக்கும் தெரியும். அந்த ரெக்கார்டின் பெயருக்காக அவன் செய்யாத வித்தை இல்லை. கடை கடையாகப் போய் வாயாலேயே மேளம் தட்டிக் காட்டியிருக்கிறான். ஒரு தடவை என்னைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனான். நான் புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். விளக்கு அணைந்ததும் என் காதருகே குனிந்தான். "வெர்னீஸ், அந்த ரெக்கார்டு என்னதுன்னு உனக்குத் தெரியுமா?" சோளப்பொரியை அவன் தலையில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். இப்போது எங்கள் இருவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் அது வலிக்கத்தான் செய்கிறது.

அப்படியும் ஃபோன் செய்தேன். வந்தான். முழங்காலுக்குப் பட்டை கட்டியிருந்தான், தலையில் அந்த நாளில் போட்ட அதே மாதிரித் தொப்பி. கிரேட்டுகளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"தொடலாமா?" என்றான்.

"பின்ன எதுக்குக் கூப்பிட்டேன்? உன் அழகைப் பாக்கவா?"

"சோளப்பொரி ஏதும் கையில இல்லையே?"

"பேசாம வேலையைப் பாரு."

அவன் எதையும் போட்டுக் கேட்கவில்லை. ஒவ்வொரு தட்டாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். பிரேக் இருக்கிற இடத்தில் ஊசியை முன்னும் பின்னும் இழுத்து இழுத்து, அந்த இடம் மட்டும் வெளுத்துப் போயிருக்குமாம். "ரொம்ப வெளுத்தது எதுவோ அதுதான் அவன் செல்லப்பிள்ளை" என்றான். வெயில் ஜன்னலை விட்டு இறங்கும் நேரத்தில் ஒன்றைக் கண்டான். நடுவில் விரல் அகலத்துக்குச் சாம்பல் பூத்திருந்தது. பக்கத்திலேயே அதன் ஜோடி. ஊசியை வைத்தான்.

தேய்ந்த தட்டின் கரகரப்பு. அதற்குள்ளிருந்து கொங்கா, மணி, சிரிப்பு. என் தம்பியின் முழங்கையும் வியர்த்த கழுத்தும் கண்முன் வந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் வராத அழுகை அப்போதுதான் வந்தது. சாகோ என் பக்கம் திரும்பாமல் தட்டை நிறுத்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நடுப்பகுதியில் குனிந்து பார்த்தான். லேபிளைச் சுற்றிக் கம்பெனிக்காரர்கள் பொடி எழுத்தில் எண் பொறித்திருப்பார்கள், அதை வைத்துப் பெயரைப் பிடித்துவிடலாம். அந்த இடத்தில் ஆணியால் கீறிய கோடுகள்தான் இருந்தன.

"பாவி, இதையும் சுரண்டி வெச்சிருக்கான்!" என்று சிரித்தான். சிரித்துச் சிரித்து அவன் கண்ணிலும் நீர் வந்துவிட்டது.

சர்ச்சின் அடித்தளத்தில் விருந்து. வறுத்த கோழி, கீரை, சாகோவின் மனைவி அனுப்பிய துவரைச் சோறு. பாதிரியார் மேலே போய்விட்டாரா என்று பார்த்துவிட்டு சாகோ மேசைக்குப் பின்னால் போய் நின்றான். ஒரு தட்டில் கொங்கா கிளம்பியது. முடிவதற்குள் அடுத்ததில் கிளம்பியது. முட்டி மாற்றுச் சிகிச்சை செய்துகொண்ட கிழவர்கள் எல்லாம் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். "அடப்பாவி ஓடெலு!" என்று யாரோ கத்தினார்கள்.

அப்போதுதான் ஓடெலின் மகள் ஜனீன் வந்தாள். தன் ஃபோனை மேசையில், ஸ்பீக்கர் பக்கமாக வைத்தாள். அது பாட்டைக் கேட்டே பெயரைச் சொல்லிவிடுமாம். திரையில் ஒரு வட்டம் விரிந்து விரிந்து சுருங்கியது.

"என்னம்மா அது?" என்றான் சாகோ, தட்டிலிருந்து கையெடுக்காமல்.

"பேரு கண்டுபிடிக்குது மாமா. இப்ப வந்துரும்."

சாகோ கையெடுத்தான். தலையிலிருந்த தொப்பியை எடுத்து ஃபோன் மேல் கவிழ்த்தான். மறு தட்டுக்கு நேரத்தோடு திரும்பியும் விட்டான், ஒரு அடிகூடத் தவறவில்லை.

"மாமா! அது எங்கப்பா ரெக்கார்டு. எனக்காவது தெரிய வேணாமா?"

"பேரு தெரிஞ்சா அது கடையில கிடைக்கிற ரெக்கார்டும்மா. தெரியாத வரைக்குந்தான் உங்கப்பன் ரெக்கார்டு."

"நீங்கதானே ஊரெல்லாம் கேட்டு அலைஞ்சீங்களாம்? அத்தை சொன்னாங்க."

"அலைஞ்சேன்தான்." அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். வேறு எதற்கோ மன்னிப்புக் கேட்கிற பார்வை. "பின்ன உங்கப்பன்கிட்டப் போய்க் கேட்டேன், அவன் சொல்லல. நேத்துகூட எட்டிப் பாத்தேன், அதையும் சுரண்டி வெச்சிருந்தான். இனிமே அவன் இல்லாதப்ப எட்டிப் பாக்க மாட்டேன்."

ஜனீன் என்னைப் பார்த்தாள். நீங்களாவது சொல்லுங்க அத்தை என்று அவள் கண் கெஞ்சியது. அவள் கேட்பதிலும் தப்பில்லை. பெயர் ஒன்றைத் தவிர அப்பனிடம் அவளுக்குக் கேட்க இனி என்ன இருக்கிறது? தொப்பிக்கு அடியில் ஃபோன் ஒருமுறை அதிர்ந்தது. பெயர் வந்துவிட்டது.

சாகோவின் இரண்டு கையும் தட்டுகளின் மேல். கொங்கா, மணி, சிரிப்பு, மறுபடி கொங்கா. ஸ்பீக்கரின் அதிர்வில் மேசை குலுங்கக் குலுங்க, தொப்பி ஃபோனை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. மேசைக்கு மிக அருகில் நின்றவள் நான்தான். துவரைச் சோற்றுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.