எண்பது சென்ட்

சனிக்கிழமை முதல் ஆட்டம். வியாழன் மதியமாகியும் மாநிலத்தின் பாதி வீடுகளுக்கு இணைப்புத் தரும் பெரிய கேபிள் கம்பெனி புதுச் சேனலைக் காட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. பத்துப் பல்கலைக்கழகங்கள் கூடித் தொடங்கும் விளையாட்டுச் சேனலுக்கு நிதிப் பொறுப்பாளர் மார்லிஸ் ட்வெட். ஸ்டுடியோவுக்கு வாங்கிய கடன் ஏற்கெனவே வட்டிக்கு மேல் வட்டியாகக் குட்டி போட்டுக்கொண்டிருந்தது. சேனலைக் காட்டக் கேபிள் கம்பெனி ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் எண்பது சென்ட் தர வேண்டும் என்பது அவள் கணக்கு.

கேபிள் கம்பெனியின் சார்பில் பேரம் பேச வந்த ப்ரூயிட், ஒமாஹாவில் இருந்த அவள் அலுவலகத்தில் உட்கார்ந்து சாவகாசமாக சாண்ட்விச்சைக் கடித்தான்.

"முப்பது. பிடிக்கலைன்னா தனி பேக்கேஜ்ல தள்ளிடுறேன். வேணுங்கிறவன் கூடக் காசு கட்டிப் பாக்கட்டும்."

"அதை எத்தனை பேர் வாங்குவாங்க? ஆளே பாக்காத சேனலுக்கு விளம்பரம் யாரு தருவா?"

"அது உங்க தலைவலி மார்லிஸ். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க." கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

உடனே பத்துப் பல்கலைக்கழகத் தலைவர்களும் தொலைபேசியில் கூடினார்கள். முதலில் வெடித்தது வெர்னா ஸ்ட்ரௌட். பத்தில் மிகச் சின்னப் பல்கலைக்கழகம் அவளுடையது.

"முப்பதையாவது வாங்கிக்கலாம்! என் நீச்சல் அணியைக் கலைக்காம வச்சிருக்கிறதே சேனல் பணம் வரும்னு நீ போட்டுக் குடுத்த கணக்கை நம்பித்தான். அந்தப் புள்ளைங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

மார்லிஸ் ஒப்பந்தத் தாளைப் புரட்டினாள்.

"வெர்னா, நமக்குக் கையெழுத்துப் போட்ட சின்ன கேபிள்காரங்க எண்பது தர்றாங்க. இந்தப் பெரிய கம்பெனிக்கு விலையைக் குறைச்சா அவங்களுக்கும் அதே விலைதான். ஒப்பந்தம் அப்படி. முப்பதுல கடனையே கட்ட முடியாது."

"அவன் இறங்கி வர்ற வரைக்கும் நான் எதைத் திங்கிறது?"

மார்லிஸ் பத்தில் மிகப் பெரிய பல்கலைக்கழகத்தின் தலைவர் தர்மன் கெல்லிடம் பேச்சைத் திருப்பினாள். "தர்மன், இந்த வருஷம் வெர்னாவோட பங்கை நீங்க முன்பணமாக் குடுங்க."

"அவங்க நீச்சல்குளத்துக்கு நான் ஏன் தண்ணி ஊத்தணும்?"

"அவங்க முப்பதுக்கு ஓட்டுப் போட்டா, இன்னும் அஞ்சு பேர் கூடவே போவாங்க. அப்ப உங்க பங்கும் பாதிகூடத் தேறாது."

எதிர்முனையில் கால்குலேட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஒரு வருஷம்தான்," என்றார் தர்மன். "திருப்பித் தரலைன்னா வாசல்ல வந்து நிப்பேன்."

ப்ரூயிட்டுக்கு 'முடியாது' என்று பதில் போயிற்று.

சனிக்கிழமை பாதி மாநிலத்தில் திரை இருண்டு கிடந்தது. ரசிகர்கள் அலுவலகத் தொலைபேசியை ஓயவிடவில்லை. வானொலியில் ஒருவன் மார்லிஸின் பெயரைச் சொல்லியே திட்டினான். அடுத்த வாரமும் அதே கதைதான். ப்ரூயிட் வாயே திறக்கவில்லை. தன் பிடிவாதத்தால் பத்துப் பேரையும் பாழுங்கிணற்றில் தள்ளிவிட்டோமோ என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது வாரம் இரண்டு பரம வைரிகள் மோதும் ஆட்டம். அதைத் தவறவிட மனமில்லாத ஜனங்கள் கேபிளை வெட்டிவிட்டு, இந்தச் சேனல் கிடைக்கும் டிஷ் ஆன்டெனா மாட்டத் தொடங்கினார்கள். ஆட்டத்துக்கு முந்தின புதன்கிழமை ப்ரூயிட் கூப்பிட்டான்.

"அறுபத்தஞ்சு. எல்லா வீட்டுக்கும் வரும். இதுக்கு மேல ஒரு சென்ட் கேட்டா என் வேலை போயிடும்."

சின்ன கேபிள்காரர்களுக்கும் இனி அறுபத்தைந்துதான். லாபம் ஒரு வருடம் தள்ளிப்போகும். ஆனால் கடனைக் கட்டிவிடலாம். அவள் "சரி" என்றாள்.

செய்தி சொன்னபோது வெர்னா உர்ரென்றே பேசினாள். "அன்னிக்குக் கத்தினதுக்கு மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன்."

"வேண்டாம். அணி இருக்கா?"

"இருக்கு. காலையிலகூடத் தண்ணியிலதான் கெடந்தாங்க."

தொலைபேசியை வைத்த மார்லிஸ், கணக்குத் தாளில் எண்பதை அடித்து அறுபத்தைந்து என்று எழுதினாள். பிறகு காலையிலிருந்து தொடாமல் வைத்திருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள்.