உள்ளே விட்ட துணி

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். டிப்போவில் அவருக்குப் பீப்பாய் என்று பெயர். இடுப்பு நாற்பத்து நாலு அங்குலம். ஊருக்கெல்லாம் துணி தைக்கிற எனக்கு, இவருக்கு ஒரு பேண்ட் தைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். "ரெண்டு ஆளுக்கு ஆகுற துணிங்க இது" என்று அளவெடுக்கும்போதெல்லாம் திட்டுவேன். அவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, "இப்ப எடு, இப்ப எடு" என்பார்.

போன மழைக்காலத்தில், பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை என்று வந்தார். அளந்தால் இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. எனக்கு ஒரே பூரிப்பு. பின்பக்கத் தையலைப் பிரித்து, இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். வேறு யாருக்காவது என்றால் மிச்சத் துணியை வெட்டிவிடுவேன். இவருடையதை வெட்டாமல் உள்ளேயே மடித்து விட்டேன். இந்த மனுஷன் திரும்பவும் ஊதிவிடுவார், பிரித்துவிட வேண்டியிருக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை.

இரண்டு மாதத்தில் மறுபடி வந்து நின்றார். அதற்குள் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழ ஆரம்பித்திருந்தார். நாலு வாய்க்கே வயிறு நிறைந்துவிடுகிறது என்றார். "இப்பத்தான் உங்க வயித்துக்குப் புத்தி வந்திருக்கு" என்றேன். தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். ஒரு நர்ஸ் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"உடம்பைக் குறைக்க ஏதாவது செய்றாராக்கா?"

"ஒண்ணும் இல்ல. தானா இளைக்கிறார்."

"தானா இளைச்சா நல்லதில்லக்கா. சாப்பாடும் குறைஞ்சிருச்சுங்கிறீங்க. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

"நல்லா இருக்கிற மனுஷன் மேல கண்ணு வைக்காதே" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னேன். அந்தப் பெண் அதன் பிறகு என் பக்கமே வரவில்லை.

மூன்றாவது முறையும் நாலாவது முறையும் பிடித்தேன். வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். சூடு என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. டிப்போ வாசலில் மயங்கி விழுந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எல்லாச் சோதனையும் முடிந்து டாக்டர் கேட்டார், "எப்பலேர்ந்து இளைக்கிறார்?"

இந்தக் கேள்விக்கு வீட்டில் இருப்பவர்கள் யாரும் சரியாகப் பதில் சொல்வதில்லையாம். நான் கைப்பையிலிருந்து அளவு நோட்டை எடுத்துக் கொடுத்தேன். தேதி போட்டு, நாற்பத்து நாலு, நாற்பத்திரண்டு, நாற்பது, முப்பத்தெட்டு, முப்பத்தாறு. எல்லாம் என் கையெழுத்து. டாக்டரின் விரல் நாற்பதில் நின்றது.

"இந்தச் சமயத்துல வந்திருந்தீங்கன்னா…" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வயிற்றில் ஆரம்பித்த கட்டி கல்லீரல் வரைக்கும் பரவிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும் என்றார். நாற்பதை எழுதிய அன்றுதான் அந்த நர்ஸ் பெண்ணும் வந்திருந்தாள். கட்டினவர் உடம்பு கரைவதை நான் அங்குலம் அங்குலமாக எழுதி வைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நேற்றுக் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவர் பேண்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அங்க ரொம்ப நேரம் உக்கார வேண்டியிருக்கு. பின்னாடி நீ மடிச்சு வெச்சிருக்கிற துணி எலும்புல குத்துது. வெட்டிடேன்."

"வெட்டினா அப்புறம் பிரிச்சுவிட முடியாதுங்க."

அவர் என்னையே பார்த்தார். கோபமே இல்லை. "பிரிக்கவா போற?" என்றார்.

கத்திரிக்கோலை எடுத்தேன். மொத்தம் எட்டு அங்குலத் துணி. முதல் தடவை போட்ட சாக்பீஸ் கோடு மடிப்புக்குள் அப்படியே இருந்தது. வெட்டிக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து பார்த்தார்.

"இப்ப சரியா இருக்கு" என்றார்.