மணல்வெளிக்குப் புறப்பட்ட சின்னக் கார்

மகன் வேலை பார்த்த வானிலை நிலையம் பெரிய மணல்வெளிக்கு அப்பால் இருந்தது. இந்த வருடமும் அவனுக்கு விடுப்பு இல்லை என்று தெரிந்ததும் மாமியார் போனை வைத்துவிட்டு மருமகளைப் பார்த்தார்.

"அவன் வர முடியலைன்னா நாம போயிடுவோம்."

"எதுல அத்தை? அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாதே."

"வாசல்ல நிக்குதே, அது என்ன பொம்மையா?"

வாசலில் நின்றது, மருமகளின் தையல் கடைக்குத் துணி ஏற்றிவரும் சின்னக் கார். மாமியார் ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருந்து அவருக்குக் கை ஊறிக்கொண்டிருந்தது.

பட்டறையில் மெக்கானிக் காரைச் சுற்றிவந்து உதட்டைப் பிதுக்கினார். "இது வேலைக்காகாதும்மா. வயிறு தரையில இடிக்கும்."

"அந்த வயித்தைத் தூக்கிவிடத்தானே உங்ககிட்ட வந்திருக்கோம்," என்றார் மாமியார்.

அவர் சிரித்துவிட்டார். சிரித்தவர் வேலையில் இறங்கியும்விட்டார். கெட்டியான ஸ்பிரிங், ஆழமாக வெட்டுள்ள டயர், இன்ஜினுக்கு அடியில் காப்பாக ஓர் இரும்புத் தகடு. மருமகள் பின் சீட்டைக் கழற்றிப் பலகை அடித்தாள். தண்ணீர் கேன்கள் உருளாமல் இருக்க, தார்ப்பாயை மடித்துத் தைத்துப் பட்டைகள் செய்தாள். பெட்ரோல் கேன்கள் கூரைக்குப் போயின. மாமியார் தன் பங்குக்கு மெத்தை, குக்கர், டேபிள் ஃபேன் என்று கொண்டுவந்து அடுக்கினார்.

"ஃபேன் எதுக்கு அத்தை?"

"மணல்ல வேர்க்காதா?"

"பிளக்கை எங்க சொருகுறது, மணல்லயா?"

மாமியார் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கல்குவாரிப் பாதையில் ஓட்டிப் பார்த்தார்கள். முதல் பள்ளத்திலேயே டமார் என்று ஒரு சத்தம். இரும்புத் தகடு பிய்ந்து தொங்கியது. வீடு வந்ததும் மாமியார் மெத்தையைத் தானே இறக்கினார்; ஃபேனையும் இறக்கினார்.

"எடை கூடிப்போச்சும்மா," என்றார் மெல்ல. "நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

மெக்கானிக் தடித்த போல்ட் போட்டுத் தகட்டை இறுக்கினார். மறுபடியும் அதே பள்ளம். கார் குனிந்து நிமிர்ந்து சத்தமில்லாமல் தாண்டியது. அந்த வாரமே புறப்பட்டார்கள்.

தார்ச்சாலை முடிந்து, சரளைப் பாதை முடிந்து, மணல் தொடங்கும் இடத்தில் ஒரு லாரிக்காரர் கை காட்டி நிறுத்தினார்.

"அம்மா, இங்க ஜீப்பே திணறுது. பேசாம திரும்பிடுங்க."

மருமகள் நன்றி சொல்லிவிட்டு இறங்கி, மணலில் புதையாமல் இருக்க நான்கு டயரிலும் பாதிக் காற்றைத் திறந்துவிட்டாள். "நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க அத்தை."

"ஆம்புலன்ஸ் ஓட்டினவளுக்கு நிறுத்தத் தெரியாதும்மா."

கார் மணலில் இறங்கியது. பின்பக்கம் வழுக்கியது, இன்ஜின் முனகியது. ஓர் ஏற்றத்தில் சக்கரம் புதையத் தொடங்கியதும் மருமகள் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாமியார் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டினார், ஆனால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. சட்டென்று முன் சக்கரங்கள் கெட்டித் தரையைப் பிடித்தன. கார் துள்ளி மேலேறியது. இருவரும் போட்ட கூச்சலில் லாரிக்காரரின் நீண்ட ஹாரன்கூடப் பாதிதான் கேட்டது.

வானிலை நிலையத்தின் வாசலில் மகன் திகைத்து நின்றான். "யாரும்மா உங்களைக் கூட்டிட்டு வந்தது?"

"யாரா? நாங்கதான் காரைக் கூட்டிட்டு வந்தோம்!"

அவன் மண்டியிட்டுக் காருக்கு அடியில் எட்டிப் பார்த்தான். எழுந்தவன் முகமெல்லாம் பல். "சாவியைக் குடும்மா, ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்."

"கொன்னுடுவேன்," என்றார் மாமியார், புழுதி படிந்த கையை மருமகளின் தோளில் போட்டபடி.