சூப்பர் போட்ட துண்டு

வைராராப்பா மலைப்பக்கம், குளிர்காலம் முடியும் அந்த ஆகஸ்டில் எதிர்க்குன்று முழுக்க வெளிறிக் கிடந்தது. நடுவில் ஒரு நீளத் துண்டு மட்டும் கரும்பச்சை. அந்தத் துண்டுக்கு உடனே பலன் தரும் சூப்பர் பாஸ்பேட் உரம், மற்ற இடமெல்லாம் மெல்லக் கரையும் ராக் பாஸ்பேட். மார்ச்சில் விமானம் உரம் தூவ வந்தபோது, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டையாவது சூப்பருக்கு விடு என்று தம்பி ரஸ்ஸலிடம் சண்டை போட்டு வாங்கியவள் ஏவ்ரில்.

ராக், மண்ணின் அமிலப் புளிப்பில்தான் கரையும். ரஸ்ஸலோ உரம் தூவுவதற்குச் சற்று முன்புதான் குன்று முழுக்கச் சுண்ணாம்பு போட்டு அந்தப் புளிப்பை முறித்திருந்தான்.

"மெதுவாத்தான் வரும்க்கா. மூணு வருஷம் கழிச்சுப் பாரு."

"ரெட்டைக்குட்டி சுமக்கிற ஆடு மூணு வருஷம் பட்டினி கிடக்குமாடா?"

அவை அவள் பார்த்துப் பார்த்துப் பெருக்கிய ஆடுகள். குட்டி போடும்போது மேயட்டும் என்று அந்தத் துண்டுக்கு மின்கம்பி கட்டிக் காத்துவந்தாள். அதை விட்டால் வேறு புல் இல்லை.

வியாழக்கிழமை வட்டார விவசாயிகள் வருவதாக இருந்தது. மாதம் ஒரு பண்ணை என்று முறைவைத்து, ஒருவர் புல்லை மற்றவர்கள் நடந்து பார்ப்பது வழக்கம். புதன்கிழமை ஊருக்குப் போய்த் திரும்பிய ஏவ்ரில், கம்பி அவிழ்ந்து கிடப்பதைக் கண்டாள். துண்டு முழுக்க ரஸ்ஸலின் காளைகள். புல் மொட்டையாகியிருந்தது.

"ஏன்டா இப்படிப் பண்ணுனே?"

"காளைக்குப் பசிக்காதா?" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் பக்கத்துப் பண்ணை மெர்வின் குன்றேறி வந்து மூச்சு வாங்கினார். "எது ராக்கு, எது சூப்பரு, தம்பி?"

"நீங்களே சொல்லுங்கண்ணே. வித்தியாசம் தெரியுதா?"

மெர்வின் சாணியைப் பூட்ஸ் நுனியால் கிளறினார். "காளைக்கு வயித்தால போகுது. என்னா பச்சை! இந்த வெளிறுன புல்லத் தின்னா இப்படிப் போகாதே. விருந்து எங்கப்பா வச்சே?"

எல்லோரும் சிரித்தார்கள். ரஸ்ஸல்தான் பெரிதாகச் சிரித்தான்.

"அண்ணே, உங்ககிட்டப் புல் இருக்கா?" என்றாள் ஏவ்ரில்.

"இருக்கும்மா. ஏன்?"

"என் ஆடுங்களை வாங்கிக்கங்க. இங்கே இருந்தா குட்டியோட செத்துப்போகும்."

சிரிப்பு நின்றது.

"அக்கா, அதெல்லாம் வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல உனக்கும் எனக்கும் பேச என்னடா இருக்கு?"

சனிக்கிழமை மெர்வின் நாய்களோடு வந்தார். வயிறு கனத்த ஆடுகள் சாலையில் மெல்ல நடந்தன. ரஸ்ஸல் முந்திப்போய்க் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். ஏவ்ரில் கடைசி ஆட்டின் பின்னால் அவனைக் கடந்து போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.